கூகுள் ஃபார்ம் பதில்கள் எக்செலில் குழம்பி வருகிறதா? படிப்படியாகச் சரிசெய்யலாம்

பயிற்சி வகுப்புக்கோ ரத்ததான முகாமுக்கோ ஆன்லைனில் ஒரு படிவம் போடுகிறோம், பதில்கள் வந்து சேர்கின்றன, சிஎஸ்வி கோப்பாக இறக்கி எக்செலில் திறந்தால் தமிழ்ப் பெயர்கள் எல்லாம் புரியாத குறிகளாக நிற்கின்றன, வங்கிக் கணக்கு எண் 1.23457இ+15 என்று சுருங்கிக் கிடக்கிறது, தேதிகள் பாதி இடப்பக்கமும் பாதி வலப்பக்கமும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. படிவம் கெட்டுவிட்டது என்று பதறி எல்லாரிடமும் மறுபடி பதிவு செய்யச் சொல்லிவிடாதீர்கள். இறங்கிய கோப்பு பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும், அதை டபுள் கிளிக் செய்து திறக்கிறோமே, அந்த நொடியில்தான் கோளாறு நடக்கிறது.

காரணம் எளிது. சிஎஸ்வி என்பது வெறும் எழுத்துக் கோப்பு. இந்தப் பத்தியில் (காலம்னில்) இருப்பது எண், அந்தப் பத்தியில் இருப்பது தேதி என்ற விவரம் அதில் கிடையாது. அதனால் எக்செல் தானாக ஊகிக்கிறது, ஊகம் தப்பினால் நம் விவரம் மாறிப்போகிறது.

முதல் வேலை: நோட்பேடில் பாருங்கள்

கூகுள் ஃபார்மில் ரெஸ்பான்சஸ் பக்கத்தின் மூன்று புள்ளி மெனுவிலிருந்து பதில்களை இறக்கினால் ஜிப் கோப்பாகத்தான் வரும். ஜிப்புக்குள்ளேயே வைத்துத் திறக்காமல் முதலில் வெளியே எடுங்கள், ஒரு நகலைத் தனி ஃபோல்டரில் போட்டு அதைத் தொடாமல் விட்டுவிடுங்கள். அப்புறம் கோப்பின் மேல் ரைட் கிளிக் செய்து நோட்பேடில் திறங்கள். அங்கே தமிழ் ஒழுங்காகத் தெரிந்து, கணக்கு எண்ணும் முழுசாக இருந்தால் உங்கள் விவரங்கள் பத்திரம். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் வேறு எதையும் ஆரம்பிக்காதீர்கள் என்றே சொல்வேன்.

இரண்டாவது: திறக்காதீர்கள், இம்போர்ட் செய்யுங்கள்

எக்செலில் ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்து, மேலே டேட்டா டேபுக்குப் போய், ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி என்பதை அழுத்திக் கோப்பைத் தேர்ந்தெடுங்கள். ஒரு முன்னோட்டப் பெட்டி வரும். ஃபைல் ஆரிஜின் என்ற இடத்தில் 65001 என்று தொடங்கும் யுடிஎஃப்-8 (எல்லா மொழி எழுத்துகளையும் கோப்பில் எழுதும் முறை) வரியைத் தேர்ந்தெடுங்கள், தமிழ் அங்கேயே சரியாகிவிடும். அடுத்து டேட்டா டைப் டிடெக்‌ஷன் என்ற இடத்தில், கண்டுபிடிக்க வேண்டாம் என்று சொல்லும் கடைசித் தேர்வை வையுங்கள். இதைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். இதை வைத்தால் எல்லாப் பத்தியும் எழுத்தாகவே உள்ளே வரும், எக்செல் எதையும் ஊகிக்காது. தலைப்பு வரிசை விவரத்தோடு சேர்ந்து கீழே இறங்கிவிட்டால், டிரான்ஸ்ஃபார்ம் டேட்டாவை அழுத்தி, யூஸ் ஃபர்ஸ்ட் ரோ ஆஸ் ஹெடர்ஸ் கொடுத்தால் போதும். அப்போது சேஞ்ச்டு டைப் என்று ஒரு படி வலப்பக்கப் பட்டியலில் தானாகச் சேர்ந்திருந்தால் அதை நீக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் பழைய ஊகம் அங்கே திரும்பி வந்துவிடும்.

பாதிப் பிரச்சினை இத்தோடு முடிந்தது. ஆனால் ஏற்கெனவே கெட்ட கோப்பு கையில் இருந்தால் எது மீளும், எது மீளாது என்று தெரிந்திருக்க வேண்டும்.

தமிழ் குழம்பியிருந்தால்

கலா என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். கணினிக்கு அது க, ல, துணைக்கால் என மூன்று குறிகள். யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட், ஆக மொத்தம் 9 பைட். எக்செல் இதைப் பழைய விண்டோஸ் முறையில் படித்தால் ஒவ்வொரு பைட்டையும் தனி எழுத்தாக எண்ணி, 9 குறிகளைக் கொட்டுகிறது. தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில ஏ எழுத்தும் வட்டத்துக்குள் ஆர் போட்ட குறியும் திரும்பத் திரும்ப வருவது இதனால்தான். இப்படித் தெரிந்தால் கவலை வேண்டாம், 65001 கொடுத்து இம்போர்ட் செய்தால் சரியாகிவிடும்.

வெறும் கேள்விக்குறிகளாக இருந்தால் கதை வேறு. எக்செலில் தமிழ் இருந்த கோப்பை யாரோ சாதாரண சிஎஸ்வியாகச் சேமித்திருக்கிறார்கள், எழுத்துகள் நிஜமாகவே போய்விட்டன. அந்தக் கோப்பில் நேரம் செலவழிக்காமல் ஃபார்மிலிருந்து மறுபடி இறக்குங்கள். இனி சிஎஸ்வியாகச் சேமிக்கத்தான் வேண்டுமென்றால் சிஎஸ்வி யுடிஎஃப்-8 என்ற வகையைத் தேர்ந்தெடுங்கள்.

நீளமான எண்கள்

இதில் மட்டும் ரொம்பக் கவனமாக இருங்கள், உதவித்தொகை ஒருவரின் கணக்குக்குப் போய்ச் சேருமா இல்லையா என்பது இங்கேதான் இருக்கிறது. எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களைத்தான் சரியாக வைத்துக்கொள்ளும். 1234567890123456 என்ற 16 இலக்க எண்ணை எண்ணாக எடுத்துக்கொண்டால் கடைசி 6 சத்தமில்லாமல் 0 ஆகிவிடும், பத்தியை அகலமாக்கினாலும் ஃபார்மேட்டை மாற்றினாலும் அந்த 6 திரும்பி வராது. 12 இலக்க எண்கள் 1.23457இ+11 மாதிரி தெரிந்தாலும் உள்ளே முழுசாகவே இருக்கும், நம்பர் ஃபார்மேட் கொடுத்துத் தசமத்தை 0 ஆக்கினால் வெளியே வந்துவிடும். ஆனால் சுருங்கித் தெரியும் அந்த நிலையிலேயே சிஎஸ்வியாகச் சேமித்தால், கண்ணுக்குத் தெரிவதுதான் கோப்பில் எழுதப்படும், மீதி இலக்கங்கள் போய்விடும். 0422 போன்ற எஸ்டிடி கோடில் முன்னால் உள்ள 0 விழுவதும், கைப்பேசி எண்ணுக்கு முன்னால் உள்ள கூட்டல் குறி காணாமல் போவதும் இதே ஊகத்தால்தான். எல்லாவற்றுக்கும் மருந்து ஒன்றே: எழுத்தாக இம்போர்ட் செய்வது. கூட்டவோ கழிக்கவோ போகாத எண்ணை எண்ணாக வைக்க வேண்டிய அவசியமே இல்லை.

தேதியும் நேரமும்

கணினியின் ரீஜன் அமெரிக்காவில் இருந்தால் 05/06/2025 மே 6 ஆகிவிடும், 13/06/2025 என்பதற்கு 13-ஆம் மாதம் இல்லாததால் எழுத்தாகவே நிற்கும். எண்ணும் தேதியும் வலப்பக்கம் ஒட்டும், எழுத்து இடப்பக்கம் ஒட்டும். ஒரே பத்தியில் இரண்டும் கலந்திருந்தால் வலப்பக்கம் உள்ளவற்றைத்தான் சந்தேகப்பட வேண்டும், ஏனென்றால் மாறிப்போனவை அவைதான். எழுத்தாக இம்போர்ட் செய்தபின், பவர் குவெரியில் (டிரான்ஸ்ஃபார்ம் டேட்டாவை அழுத்தினால் திறக்கும் ஜன்னல் இதுதான்) அந்தப் பத்தியின் தலைப்பில் ரைட் கிளிக் செய்து, சேஞ்ச் டைப்பில் யூஸிங் லொகேல் தேர்ந்தெடுத்து, டேட் வகையும் இந்திய ஆங்கிலமும் கொடுங்கள்.

ஃபார்மிலிருந்து நேராக இறக்கிய கோப்பில் நேரத்துக்குப் பின்னால் ஜிஎம்டி+5:30 என்று ஒட்டியிருக்கும். ரீப்ளேஸ் வேல்யூஸில் அதையும் முன்னால் உள்ள இடைவெளியையும் கொடுத்து நீக்கிவிட்டு, டேட்/டைம் வகைக்கு மாற்றுங்கள். வேறு சில படிவக் கருவிகள் நேரத்தை யுடிசியில் (இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி பின்தங்கிய உலகப் பொது நேரம்) தரும், எக்செல் பக்கத்துக்கு வந்தபின் அதற்கு 5.5/24-ஐக் கூட்டினால் இந்திய நேரம்.

முகவரி உடைந்தால், எண்ணிக்கை இடித்தால்

முகவரியை என்டர் தட்டித் தட்டி எழுதியவர்களின் வரிசை மட்டும் இரண்டு மூன்றாகப் பிரிந்திருக்கும். பவர் குவெரியில் சோர்ஸ் படியின் பக்கத்திலுள்ள பற்சக்கரத்தை அழுத்தி, லைன் பிரேக்ஸ் இடத்தில் மேற்கோளுக்குள் உள்ள வரி முறிவுகளைப் புறக்கணிக்கச் சொல்லுங்கள்.

எல்லாம் முடிந்ததும் வரிசைகளை எண்ணி, தலைப்பைக் கழித்து, ஃபார்ம் காட்டும் பதில் எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். ஃபார்மோடு இணைத்த கூகுள் ஷீட்டில் ஒரு வரிசையை அழித்தாலும் ஃபார்மில் அந்தப் பதில் அப்படியே இருக்கும், எண்ணிக்கை இடிப்பதற்கு அது ஒரு காரணம்.

எக்செல் இல்லாதவர்கள் கூகுள் ஷீட்ஸிலேயே ஃபைல், இம்போர்ட் போய்க் கோப்பை ஏற்றலாம். எழுத்தை எண்ணாகவும் தேதியாகவும் மாற்றவா என்று கேட்கும் டிக்கை மட்டும் எடுத்துவிடுங்கள். சமன் குறியில் தொடங்கும் பதிலை யாராவது எழுதியிருந்தால் அது ஃபார்முலாவாக ஓடாமல் இருப்பதற்கும் அந்த டிக்கை எடுப்பது நல்லது. எக்செலில் செய்தவர்கள் கடைசியில் எக்ஸ்எல்எஸ்எக்ஸ் கோப்பாகச் சேமியுங்கள், அடுத்தவருக்கும் அதையே அனுப்புங்கள், அதில் எழுத்து எழுத்தாகவும் தேதி தேதியாகவும் இருக்கும்.