தொப்பூர் இறக்கத்தில் லோடு லாரியை இறக்கும் முறை

தர்மபுரியிலிருந்து சேலம் போகும் லோடு வண்டிக்குத் தொப்பூர் கணவாயில்தான் கண்டம். அங்கே கவிழ்ந்த லாரிகளில் பலவற்றுக்கும் காரணம் ஒன்றே: டீசல் மிச்சம் என்று எந்த கியரும் போடாமல் நியூட்ரலில் விட்டது.

அந்தக் கணக்கே தப்பு. பிஎஸ்-6 (புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த) வண்டியில் கியரில் இருந்தபடி ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், சக்கரமே எஞ்சினைச் சுற்றும்; டீசல் தெளிப்பு நின்றுவிடும். நியூட்ரலில் எஞ்சின் அணையாமல் இருக்கவாவது டீசல் குடிக்கும். எஞ்சினையே அணைத்துவிட்டால் கம்ப்ரசர் நின்று, பிரேக்கை இயக்கும் காற்று ஏறாது, பவர் ஸ்டியரிங்கும் இறுகிவிடும்.

வேகத்துக்கு வரம்பு கட்டும் ஸ்பீடு கவர்னரை நம்பாதீர்கள். சரக்கு வண்டிக்கு 80, டேங்கருக்கும் டிப்பருக்கும் 60 என்று அது டீசலைத்தான் கட்டுப்படுத்தும்; இறக்கத்தில் வண்டியை இழுப்பது லோடு. கணவாயில் பலகை சொல்லும் வேகமே உச்சம். 60-இல் வரும் வண்டியை நிறுத்த, 30-இல் வருவதைப்போல் நான்கு மடங்கு சூட்டை பிரேக் தாங்க வேண்டும்.

பாளையம் டோல்கேட்டைத் தாண்டியதும், இறக்கம் தொடங்குமுன் ஓரங்கட்டுங்கள். பிரேக் காற்றின் அழுத்தத்தைக் காட்டும் ஏர் மீட்டர் 8 பார் அளவில் நிற்கட்டும். எஞ்சினை அணைத்து, பிரேக்கை ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். முள் கண்ணுக்குத் தெரிய இறங்கிக்கொண்டே போனால் கசிவு இருக்கிறது. சரிசெய்யாமல் இறங்க வேண்டாம்.

இதே மேட்டை லோடோடு எந்த கியரில் ஏறுவீர்களோ, அதே கியரில் இறங்குங்கள். அதற்கும் கீழே போனாலும் தப்பில்லை. கியரை மேலேயே குறைத்துக்கொள்ள வேண்டும். வேகம் பிடித்த பிறகு கீழ் கியர் விழாது, நியூட்ரலில் மாட்டிக்கொள்வீர்கள். எஞ்சின் புகை வெளியேறுவதை அடைத்து வண்டியை மெதுவாக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போட்டே வையுங்கள். கியரில் இருந்தால்தான் அது வேலை செய்யும், கிளட்ச் மிதித்தால் போச்சு.

கால் பிரேக்கை லேசாக மிதித்தபடியே வராதீர்கள். வேகம் 30-ஐத் தொட்டால் அழுத்தமாக மிதித்து 20-க்குக் கொண்டுவந்து, முழுசாக விடுங்கள். விடும் நேரத்தில்தான் டிரம் (சக்கரத்தோடு சுற்றும் பிரேக் உருளை) ஆறும். தொடர்ந்து தேய்த்தால் சூட்டில் டிரம் விரியும், அதை உள்ளிருந்து உரசிப் பிடிக்கும் லைனிங் எட்டாது. லைனிங்கும் பிடிப்பை இழக்கும். கருகல் வாடை வந்தால் அதுதான் முதல் எச்சரிக்கை. மீட்டரில் முழுக் காற்று இருக்கும், வண்டி மட்டும் நிற்காது. அப்படி ஆனால் கியரை விடாமல், ஹாரனும் விளக்கும் போட்டு, மலைப்பக்கமாக உரசி நிறுத்தப் பாருங்கள். இரட்டைப் பாலம் வரை காத்திருக்காதீர்கள்.

கொதிக்கும் டிரம்மில் தண்ணீர் ஊற்றுவது நம்மவர்களின் பழைய பழக்கம். டிரம் வெடிக்கும். தானாக ஆறட்டும்.

ஆர்சியில் (வண்டிப் பதிவுச் சான்றில்) உள்ள எடையைத் தாண்டி ஏற்றியிருந்தால் இவை எதுவும் போதாது. அபராதம் 20,000 ரூபாய், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000. எடை போட நிறுத்தாமல் போனால் 40,000.

ஒரு வண்டி மட்டுமே போகும் அகலமுள்ள மலைச்சாலையில் எதிரே வண்டி ஏறி வந்தால், ஒதுங்கி வழிவிட வேண்டியது இறங்குகிறவர்தான்.