விலை கூடின மெழுகு வேணுமா?

உப்புவெளியில் கடலோரம் நிற்கிற கார். பொனட் மங்கி, கை வைத்தால் சொரசொரத்தது. கடைக்காரர் விலை கூடின கார்னோபா மெழுகைக் காட்டினார். பிரேசிலில் ஒருவகைப் பனையின் ஓலையிலிருந்து எடுப்பது. மினுக்கம் நல்லதுதான், ஆனால் திருகோணமலை வெயிலில் அதிக நாள் நிற்காது. மங்கலையும் வெறும் மெழுகு எடுக்காது, மேலால் மூடும், அவ்வளவுதான். சாதாரண மெழுகே வாங்கினேன். மிச்சக் காசு, ஒட்டின அழுக்கை எடுக்கிற கிளே பார் என்கிற களிக்கட்டிக்கும் மங்கலைத் தேய்த்தெடுக்கிற பொலிஷுக்கும் போனது. ஷாம்பு போட்டுக் கழுவி, ஈரத்தோடு கட்டியைத் தேய்க்க, அது பழுப்பாகியது, பொனட் வழுக்கியது. அப்புறம் பொலிஷ், கடைசியாக நிழலில் வைத்து மெல்லிசாய் மெழுகு. தண்ணீர் மணிமணியாய்த் திரளாவிட்டால் திரும்பப் பூசுகிறேன். அடிப்பாகத்து உப்புக்கு மட்டும் மெழுகு உதவாது, குழாய்த் தண்ணீர்தான்.