டஸ்ட் கலெக்டர் கிளம்பவில்லையா? மோட்டாரைக் கழற்றும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பட்டனை அழுத்தியும் மரத்தூளை உறிஞ்சும் டஸ்ட் கலெக்டர் ஓடவில்லை என்றதும் ஸ்பேனரைத் தேடிப் போவதுதான் முதல் தவறு. மோட்டார் அவ்வளவு எளிதில் சாகாது. மின்சாரம் அதற்குப் போய்ச் சேரும் வழியில் பிளக், வயர், சுவிட்ச், ஓவர்லோடு, மோட்டாரைக் கிளப்ப உதவும் கப்பாசிட்டர் என்று பல கண்ணிகள் இருக்கின்றன. கோளாறு பெரும்பாலும் அவற்றில் ஒன்றில்தான். ஆகவே முதலில் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். அழுத்தியதும் மூச்சுப்பேச்சே இல்லையா? உர்ரென்று உறுமிவிட்டு நகராமல் நிற்கிறதா? பிரேக்கர்கள் இருக்கும் டிபி போர்டில் ஏதாவது விழுகிறதா? மூன்றும் மூன்று வெவ்வேறு நோய்.

இங்கே சொல்வது தென்னாப்பிரிக்காவில் டர்பனைச் சுற்றியுள்ள சாட்ஸ்வர்த், பீனிக்ஸ், டோங்காட் பக்கம் கராஜிலேயே கப்போர்டும் கதவும் செய்பவர்கள் வைத்திருக்கும் சாதாரண மெஷினைப் பற்றி: 1.5 கிலோவாட், அதாவது 2 குதிரைத்திறன், 230 வோல்ட் ஒருமுனை மோட்டார், மேலே வடிகட்டும் துணிப்பை, கீழே தூள் சேரும் பை.

சத்தமே இல்லை என்றால்

லோட் ஷெடிங் என்ற முறைவைத்த மின்வெட்டு முடிந்து கரண்ட் வந்த பிறகும் மெஷின் ஓடாவிட்டால் உடனே பயப்பட வேண்டாம். பச்சை, சிவப்பு பட்டன் உள்ள சுவிட்சுக்குள் காயில் எனப்படும் ஒரு சின்ன கம்பிச்சுருள் இருக்கிறது. கரண்ட் போனால் அது பிடியை விட்டுவிடும். கரண்ட் திரும்பினாலும் தானாகப் பிடிக்காது. பச்சையை மறுபடி அழுத்த வேண்டும், அவ்வளவுதான்.

பச்சையை அழுத்திப் பிடித்திருக்கும்வரை ஓடி, விரலை எடுத்ததும் நின்றுவிட்டால் அந்தக் காயில் எரிந்திருக்கலாம், அல்லது அதற்குப் போகும் வயர் கழன்றிருக்கலாம். இந்த இடத்தில்தான் பலர் குச்சியைச் செருகியோ டேப்பை ஒட்டியோ பட்டனை அமுக்கி வைத்துவிடுகிறார்கள். கரண்ட் இல்லாத இரண்டு மணி நேரத்தில் ஒருவர் காற்றை உறிஞ்சும் சக்கரமான இம்பெல்லரில் சிக்கிய சக்கையை எடுக்கக் கையை உள்ளே விட்டிருக்கும்போது கரண்ட் வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். சுவிட்சை மாற்றுவது மலிவு. மாற்றும்போதும் ஒரு பொறி உண்டு: இணையத்தில் ஒரே முகத்தோடு 120 வோல்ட் காயிலும் 230 வோல்ட் காயிலும் விற்கிறார்கள். 120 வோல்ட் காயிலை நம் ஊர் மின்சாரத்தில் போட்டால் சீக்கிரமே கருகிவிடும். காயிலின் வோல்ட், பின்பக்கக் கால்களின் எண்ணிக்கை இரண்டையும் பழைய சுவிட்சோடு ஒப்பிட்டு வாங்குங்கள்.

பிளக் பாயிண்டில் கரண்ட் இருக்கிறதா என்று போன் சார்ஜரைச் செருகிப் பார்ப்பது இன்னொரு தவறு. சார்ஜர் இழுப்பது சொற்பம். தளர்ந்த ஸ்க்ரூ வழியாகக்கூட அது வேலை செய்யும். தண்ணீர் கொதிக்க வைக்கும் கெட்டிலைச் செருகுங்கள். 2 கிலோவாட் கெட்டில் ஏறத்தாழ 9 ஆம்ப் இழுக்கும், உங்கள் மெஷின் ஓடும்போது இழுப்பதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். கெட்டில் தடுமாறாமல் கொதித்தால் அந்தப் பாயிண்டைச் சந்தேகிக்க வேண்டாம்.

பிரிட்டிஷ் வீடியோக்களைப் பார்த்துவிட்டு பிளக்குக்குள் பியூஸைத் தேடுபவர்களும் உண்டு. நம் 16 ஆம்ப் பெரிய மூன்று குச்சிப் பிளக்கில் பியூஸ் கிடையாது. அதைத் திறந்தால் பார்க்க வேண்டியது வேறு: அதிர்வில் ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறதா, பழுப்பு வயரோ நீல வயரோ கருகியிருக்கிறதா. புது வீடுகளில் வரும் சின்ன சாக்கெட்டில் அடாப்டர் மாட்டி இந்த மெஷினை ஓட்டுவதும் நல்லதல்ல. கிளம்பும்போது பாயும் கரண்ட் முழுவதும் அந்த மெல்லிய பித்தளைத் தகடு வழியாகத்தான் போகவேண்டும். பிளக்கையே மாற்றிவிடுங்கள்.

ரிமோட்டில் ஓடும் மெஷின் என்றால் ரிமோட்டின் பேட்டரியை மாற்றிப் பாருங்கள். பிறகு ரிசீவரை விலக்கி நேராகச் செருகிப் பாருங்கள்.

அடுத்தது ஓவர்லோடு. மோட்டாரின் மேலோ சுவிட்ச் பெட்டியிலோ துருத்திக்கொண்டிருக்கும் சின்ன பட்டன் அது. மோட்டார் சூடேறினால் தானே துண்டித்துவிடும். சூடாக இருக்கும்போதே திரும்பத் திரும்ப அழுத்துவதால் பயனில்லை. 20 நிமிடம் ஆறவிட்டு ஒருமுறை அழுத்துங்கள். பிடித்துக்கொண்டால் ஏன் சூடேறியது என்று பாருங்கள். பை நிறைந்ததால் மோட்டாருக்குப் பாரம் கூடியது என்று பலரும் சொல்வார்கள். உண்மை நேர்மாறு. இந்த வகை ஊதியில் காற்றோட்டம் அடைபட்டால் உறிஞ்சும் திறன்தான் குறையும், மோட்டாரின் பாரமும் கூடவே குறையும். குழாயையும் பையையும் கழற்றிவிட்டு வெறுமனே ஓட்டினால்தான் காற்று தாராளமாகப் பாய்ந்து ஆம்ப் ஏறும். கழற்றிப்போட்டு நெடுநேரம் சோதித்தபோது ஓவர்லோடு விழுந்தால் அது புதுக் கோளாறு ஆகாது. வழக்கமான வேலையில் சூடேறுவதற்கு முக்கியக் காரணம், மோட்டார் உடலில் உள்ள விலா இடுக்குகளிலும் பின்பக்க விசிறி மூடியிலும் எம்.டி.எஃப் பலகையின் (மரநாரை அழுத்திச் செய்தது) தூள் அப்பிக்கொள்வது. தூரிகையால் தட்டி, வேக்குவத்தால் உறிஞ்சுங்கள். கம்ப்ரசர் காற்றை அடித்தால் தூள் மோட்டாருக்குள்ளேயே போய்ச் சேரும். கராஜ் முழுதும் மிதக்கும் நுண்தூள் ஒரு பொறி பட்டால் பற்றக்கூடியதும்கூட.

உறுமிவிட்டு நின்றால்

மோட்டார் உறுமுகிறது, சுற்றவில்லை என்றால் இரண்டு மூன்று நொடிக்குள் நிறுத்துங்கள். நின்ற நிலையில் அது இழுக்கும் கரண்ட், ஓடும்போது இழுப்பதைப்போல் ஐந்து மடங்கு வரை போகும். "கொஞ்சம் விட்டுப் பார்ப்போம், கிளம்பிவிடும்" என்று காத்திருப்பவர்கள்தான் நல்ல மோட்டாரின் சுருளைக் கருக்குகிறார்கள்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பின்பக்க விசிறியைக் கையால் சுற்றுங்கள். இறுகியிருந்தால், வாய்க்குழாயைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள்: இம்பெல்லருக்கும் கூட்டுக்கும் இடையில் சலிக்னா மரச் சிம்போ ஒரு துண்டுத் துணியோ மாட்டியிருக்கும். லேசாகச் சுற்றினால் சந்தேகம் கப்பாசிட்டர் மேல். இம்பெல்லரைக் குச்சியால் தள்ளிவிட்டு ஓட்டும் வித்தை வேண்டவே வேண்டாம்.

கப்பாசிட்டர் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும். ஸ்க்ரூ டிரைவரால் இரு முனையையும் தொட்டு 'பட்' என்று வெடிக்க வைப்பது பழைய பழக்கம். கண்ணுக்கும் ஆபத்து, கப்பாசிட்டருக்கும் கேடு. 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை இரு முனைக்கும் குறுக்கே சில நொடி பிடித்து, மீட்டரில் வோல்ட் இறங்கிவிட்டதை உறுதி செய்த பிறகே தொடுங்கள். மேல்பகுதி உப்பியிருந்தாலோ எண்ணெய் கசிந்திருந்தாலோ அளக்கவே வேண்டாம், மாற்றிவிடலாம். பார்க்க நன்றாக இருந்தாலும் 40 மைக்ரோஃபேரட் என்று எழுதியது 28 காட்டினால் அதுவும் போய்விட்டது.

மாற்றும்போது எண்ணைக் கூட்டிப் போட்டால் பலம் கூடும் என்று நினைப்பது தவறு, சுருள்தான் சூடேறும். எழுதிய மைக்ரோஃபேரட்டையே போடுங்கள். வோல்ட் அதே அளவாகவோ மேலாகவோ இருக்கலாம், குறையக்கூடாது. சில மோட்டாரில் இரண்டு கப்பாசிட்டர் இருக்கும்: ஒன்று கிளம்பும் நொடிகளுக்கு மட்டும், மற்றது ஓடும் நேரம் முழுதும். முதல் வகையை இரண்டாவதின் இடத்தில் போட்டால் அது வெடித்துவிடும்.

கப்பாசிட்டர் சரியாக இருந்தும் உறுமினால், கிளம்பும் சுருளைத் துண்டிக்கும் சென்ட்ரிஃப்யூகல் சுவிட்சைப் பாருங்கள். நன்றாக ஓடிய நாட்களில் மோட்டார் நிற்கும்போது 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டிருக்கும், அது இதுதான். டர்பன் கடற்காற்றில் இதன் முனைகள் பச்சை பூத்துப்போகும், அதன் மேல் மரத்தூளும் ஒட்டும். மிக மெல்லிய உப்புத்தாளால் துடைத்தால் பல சமயம் மீண்டுவிடும்.

நீள எக்ஸ்டென்ஷன் வயரும் இதே உறுமலைத் தரும். 20 மீட்டர் நீளமுள்ள 1 சதுர மில்லிமீட்டர் வயரில் போகவர மொத்தத் தடை சுமார் 0.7 ஓம். கிளம்பும்போது 50 ஆம்ப் பாய்ந்தால் 35 வோல்ட் வயரிலேயே போய்விடும். மோட்டாருக்கு மிஞ்சுவது 195. முறுக்குவிசை வோல்ட்டின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் கிளம்பும் பலத்தில் ஏறத்தாழ கால்வாசிக்கும் மேல் போச்சு. 2.5 சதுர மில்லிமீட்டர் வயரில் இழப்பு 15 வோல்ட்டுக்குள் நிற்கும். எந்த வயரானாலும் சுருளாக விட்டுவிடாமல் முழுவதும் அவிழ்த்துப் போடுங்கள், சுருளில் சூடு தேங்கும்.

டிரிப் ஆனால்

எது விழுந்தது என்று பார்க்காமல் எல்லாவற்றையும் மேலே தள்ளிவிடுவது வழக்கமாகிவிட்டது. சாதாரண பிரேக்கர் விழுந்தால் கரண்ட் அதிகம். எர்த் லீக்கேஜ் என்ற கசிவுத் தடுப்புச் சுவிட்ச் விழுந்தால் 30 மில்லி ஆம்ப் அளவுக்குக் கரண்ட் வேறு வழியில் கசிகிறது. கட்டுமான வேலைகள் நிற்கும் டிசம்பர் பில்டர்ஸ் ஹாலிடே முழுவதும் மூடிக்கிடந்த கராஜில், ஜனவரியில் முதல்முறை போட்டதும் எர்த் லீக்கேஜ் விழுந்தால் ஈரம்தான் முதல் சந்தேகம். பிளக்கைப் பிடுங்கி, மூடியைத் திறந்து, காய்ந்த இடத்தில் ஒரு நாள் வையுங்கள். பிறகும் விழுந்தால் மின்காப்பை அளக்கும் 500 வோல்ட் மெகரில் அளக்கச் சொல்லுங்கள். 1 மெகா ஓமுக்குக் கீழே இருந்தால் ஓட்டக்கூடாது. எர்த் வயரைக் கழற்றிவிட்டால் டிரிப் நிற்கலாம், ஆனால் தொடுபவர் உடல் அந்த வயரின் வேலையைச் செய்யும்.

20 ஆம்ப் பிரேக்கர் கிளம்பும் நொடியில் விழுகிறது என்று 32 ஆம்ப் போடுவதும் அப்படித்தான். சுவருக்குள் இருக்கும் 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் பிரேக்கருக்கு முன்பே சூடேறும். கிளம்பும் நொடியின் கரண்டைத் தாங்கும் வேறு வகை (வேறு கர்வ்) பிரேக்கர் உண்டு. அதைப் போடுவது பதிவு பெற்ற எலக்ட்ரீஷியன் வேலை, மின்இணைப்பு விதிப்படி இருக்கிறது என்ற சிஓசி சான்றிதழும் அவர்தான் தரவேண்டும்.

லோட் ஷெடிங்குக்காக வாங்கிய 5 கேவிஏ இன்வெர்ட்டரில் டஸ்ட் கலெக்டரை மாட்டிப் பார்த்து மெஷினைக் குறை சொல்லாதீர்கள். 230 வோல்ட்டில் 50 ஆம்ப் என்றால் 11 கேவிஏக்கு மேல்; இன்வெர்ட்டர் கைவிரிப்பதில் வியப்பில்லை.

மும்முனை மெஷின் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: ஒரு முனை விடுபட்டாலும் அது உறுமி நிற்கும், கப்பாசிட்டரைத் தேட வேண்டாம். மூன்று முனைக்கும் இடையில் மாறிமாறி அளந்தால் ஒவ்வொன்றிலும் 400 வோல்ட் சுமார் காட்ட வேண்டும்.

இத்தனையும் பார்த்த பிறகும் கிளம்பாமல், மூடியைத் திறந்ததும் கருகிய வார்னிஷ் வாடை வந்தால் சுருள் போய்விட்டது. சுருளைப் புதிதாகச் சுற்றித் தரும் ரீவைண்டிங் கடைக்குக் கொண்டுபோகும் முன் பெயர்ப்பலகையையும், வயர்கள் எந்தக் காலில் இருந்தன என்பதையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதே அளவு புது மோட்டாரின் விலையையும் கேட்டு வையுங்கள். 2 குதிரைத்திறன் மோட்டாருக்கு இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லாமல் போகலாம். புது மோட்டார் என்று முடிவானால் தண்டின் விட்டம், மோட்டாரை முடுக்கும் ஃபிளேஞ்ச் தட்டின் துளை இடைவெளி, சுற்றும் திசை மூன்றையும் பழையதோடு பொருத்திப் பார்த்து வாங்குங்கள், இம்பெல்லர் அந்தத் தண்டில்தான் ஏறவேண்டும்.