பழைய அவுட்போர்டு மோட்டாருக்கு எந்த பிட்ச் போடுவது?

முத்துப்பேட்டையில் எங்கள் மாமா, என்னைவிட வயதில் மூத்த ஒரு இரண்டு சிலிண்டர் அவுட்போர்டு மோட்டாரை, அதாவது படகின் பின்பக்கம் வெளியே மாட்டுகிற மோட்டாரைப் பழைய சாமான் கடையில் பேரம் பேசி வாங்கிவந்து பதினாலடி ஃபைபர் படகில் மாட்டினார். கூடவே வந்த புரொப்பல்லரின் பிட்ச், அதாவது ஒரு சுற்றுக்கு முன்னே போகும் அளவு, 10 அங்குலம். ஒரு சீசன் முழுக்க அதையே வைத்து ஓட்டினோம். நாலு பேர், ஐஸ் பெட்டி, வலை என்று ஏற்றிக்கொண்டு கோரையாற்றில் இறங்கி லகூன் பக்கம் போனால், த்ராட்டிலை முழுசாகத் திருகினாலும் அணியம் (படகின் முன்பக்கம்) வானத்தைப் பார்க்கும், எஞ்சின் முக்கும், படகு மட்டும் சாவகாசமாகப் போகும். "வேகம் வேணும்னா பெரிய நம்பர்தான் மாப்ளே" என்று மாமா சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசியில் பிஸ்டனில் கீறல் விழுந்து, மோட்டார் வாங்கின காசுக்கு மேல் செலவு வைத்தது.

புரொப்பல்லரில் 9 x 8 என்று அடித்திருந்தால் முதல் எண் விட்டம், இரண்டாவது பிட்ச், இரண்டும் அங்குலத்தில். பிட்ச் என்பது மரத்தில் திருகாணி இறங்குகிற மாதிரிதான். ஒரு முழுச் சுற்றுக்கு இத்தனை அங்குலம் முன்னே போகும் என்ற கணக்கு. தண்ணீர் மரம் இல்லையே, அதனால் கொஞ்சம் வழுக்கும். எவ்வளவு வழுக்குகிறது என்று பார்க்க ஒரு கணக்கு: எஞ்சின் நிமிஷத்துக்குச் சுற்றும் சுற்றை கியர் விகிதத்தால் வகுத்து, பிட்ச்சால் பெருக்கி, 0.001524-ஆல் பெருக்கினால் மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று வரும். 4500 சுற்று, கியர் 2:1 (எஞ்சின் இரண்டு சுற்றுக்கு புரொப்பல்லர் ஒரு சுற்று), பிட்ச் 8 என்றால் 27.4 கி.மீ. போனில் ஜிபிஎஸ் 20 காட்டினால் கிட்டத்தட்ட 27 சதவீதம் வழுக்கல். பாரம் ஏற்றிப் போகிற படகுக்கு இது பயப்படுகிற அளவு இல்லை.

ஆனால் பிட்ச்சை முடிவு செய்யவேண்டியது இந்த வேகத்தை வைத்து அல்ல. முழு த்ராட்டிலில் எஞ்சின் எத்தனை சுற்று சுற்றுகிறது என்பதை வைத்துத்தான். ஒவ்வொரு மோட்டாருக்கும் இத்தனையிலிருந்து இத்தனை வரை என்று ஒரு வரம்பு உண்டு, மோட்டாரில் ஒட்டிய தகட்டிலோ அதன் புத்தகத்திலோ இருக்கும். 1950, 60களின் மோட்டார்கள் பலவற்றுக்கு 4000-4500 அளவில்தான் இருக்கும். இப்போதைய மோட்டாரின் 5000-6000 கணக்கை அதில் போட்டுப் பார்க்காதீர்கள். இன்னொன்று, 1980களின் நடுப்பகுதி வரை எச்.பி.யை கியருக்கு முன்னால், மேலே எஞ்சினிலேயே அளந்து எழுதினார்கள், அப்புறம்தான் புரொப்பல்லர் தண்டில் அளக்க ஆரம்பித்தார்கள். ஆகவே பக்கத்துப் படகில் புது 10 எச்.பி.க்கு என்ன பிட்ச் போட்டிருக்கிறார்களோ அதையே உங்கள் பழைய 10 எச்.பி.க்கும் போட்டால் ஒத்துவரும் என்று நம்ப முடியாது.

சுற்றை அளக்க, பிளக் வயரில் ஒயரைச் சுற்றிவிட்டால் எண் காட்டும் சின்ன டேக்கோமீட்டர் போதும். அதில் டூ ஸ்ட்ரோக், ஃபோர் ஸ்ட்ரோக் செட்டிங் இருக்கும், அதைச் சரியாக வையுங்கள். நான் முதல் நாள் மாற்றி வைத்துவிட்டு 7800 காட்டுகிறதே என்று பதறினேன். பாதியாக்கினால் 3900. எங்கள் மோட்டாருக்கு 4500 வரவேண்டும், அதாவது 600 குறைவு.

பிட்ச்சை ஒரு அங்குலம் குறைத்தால் 150 முதல் 200 சுற்று ஏறும், கூட்டினால் அதே அளவு இறங்கும். எங்களுக்கு மூன்று அங்குலம் குறைக்க வேண்டியிருந்தது, 10-லிருந்து 7. மாமாவுக்கு மனசே இல்லை. 7 போட்ட அன்று முகத்துவாரம் வரை போய்த் திரும்பினோம், அணியம் சீக்கிரம் இறங்கியது, வேகமும் கூடியது. முக்கிக்கொண்டே ஓடும் எஞ்சின் சூடேறும், கரி பிடிக்கும், பிஸ்டனைத் தின்னும். சுற்று வரம்பைத் தாண்டி வெறுமனே அலறினாலும் கெடுதல்தான், அதற்கு பிட்ச்சைக் கூட்ட வேண்டும். இரண்டு அளவுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டால் பழைய மோட்டாருக்கு நான் சின்ன பிட்ச்சைத்தான் எடுப்பேன்.

ஓட்டிப் பார்க்கும்போது நிஜத்தில் ஏற்றுகிற பாரத்தோடு ஓட்டுங்கள். தனி ஆளாகக் காலிப் படகில் அளந்து வாங்கிய பிட்ச், ஐஸ் பெட்டி ஏறியதும் பெரிதாகிவிடும். படகின் அடியில் கொட்டலசு (ஓடுள்ள சின்னக் கடல் உயிரி) ஒட்டியிருந்தால் முதலில் சுரண்டுங்கள். வேகத்தையும் பார்ப்பதானால், ஆற்று நீரும் ஓதமும் ஒரு பக்கமாகத் தள்ளும், அதனால் போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை பார்த்து சராசரி எடுங்கள். புரொப்பல்லருக்கு மேலே கிடையாக இருக்கும் தகடு, படகின் அடிமட்டத்தோடு ஏறத்தாழ ஒரே மட்டத்தில் இருக்கட்டும். மோட்டார் ரொம்ப மேலே நின்றால் காற்றை இழுத்து சுற்று எகிறும், நீங்கள் பிட்ச் சின்னது என்று நினைத்துக்கொள்வீர்கள்.

சுற்று குறைந்தால் உடனே புரொப்பல்லர்மேல் பழி போடவும் வேண்டாம். பழைய மோட்டாரில் ஒரு சிலிண்டர் அரைகுறையாக எரிந்தாலும் இதே கதைதான். இரண்டு சிலிண்டரின் கம்ப்ரஷனையும் (உள்ளே பிஸ்டன் உண்டாக்கும் அழுத்தம்) அளந்து, பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அதை முதலில் கவனியுங்கள். நடுவில் ரப்பர் புஷ் உள்ள புரொப்பல்லர் என்றால் புஷ்ஷிலிருந்து வெளி உலோகம் வரை பெயிண்டால் ஒரு கோடு போட்டுவிட்டு ஓட்டுங்கள். திரும்பி வந்து பார்க்கையில் கோடு விலகியிருந்தால் ரப்பர் வழுக்குகிறது, பிட்ச்சில் குற்றமில்லை.

பழைய புரொப்பல்லரில் எண்ணே அழிந்திருக்கும், இல்லாவிட்டால் யாரோ சுத்தியலால் இறக்கையை நிமிர்த்தி அளவையே மாற்றியிருப்பார்கள். சமமான மேஜையில் படுக்க வைத்து, நடுவிலிருந்து இறக்கை நுனிவரை உள்ள தூரத்தில் முக்கால் வாசிக்குக் கொஞ்சம் உள்ளே ஒரு வட்டக் கோடு போடுங்கள். அந்தக் கோட்டில் இறக்கையின் இரண்டு விளிம்புகளும் மேஜையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து வித்தியாசத்தை எடுங்கள். இரண்டு விளிம்புக்கும் நடுவே எத்தனை டிகிரி என்று பிள்ளைகளின் ஜியோமெட்ரி பாக்ஸ் பாகைமானியால் பாருங்கள். வித்தியாசத்தை 360-ஆல் பெருக்கி டிகிரியால் வகுத்தால் பிட்ச். ஒன்றரை அங்குல வித்தியாசம், 60 டிகிரி என்றால் 9. எல்லா இறக்கையையும் அளங்கள், எங்கள் பழையதில் ஒன்று மட்டும் ஒரு அங்குலம் கூட இருந்தது, அதிர்வுக்குக் காரணம் அதுதான்.

வாங்கும்போது தண்டின் குறுக்களவும் ஷியர் பின் (எதிலாவது இடித்தால் தான் உடைந்து கியரைக் காப்பாற்றும் ஆணி) துளையும் பொருந்துகிறதா என்று கையில் பழையதை வைத்துக்கொண்டே பாருங்கள். ஷியர் பின்னுக்குப் பதில் கம்பி ஆணி சொருகுகிறவர்கள் உண்டு, 2018 கஜா புயலில் விழுந்த மரக்கட்டை மாதிரி ஏதாவது தண்ணீருக்கடியில் தட்டினால் பின் உடைவதற்குப் பதில் கியர் போய்விடும். அந்த மோட்டாருக்கான பின்னே நாலு, காட்டர் பின் நாலு, ஒரு கட்டிங் பிளேயர், கூடவே அந்தப் பழைய 10 பிட்ச் புரொப்பல்லர், எல்லாம் இப்போது எங்கள் படகில் பின் பலகைக்கு அடியில் ஒரு அரிசிப் பையில் கட்டிக் கிடக்கிறது.