சிங்க் அடைப்பை நீக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சமையலறை சிங்கில் தண்ணீர் தேங்கியதும், அடைப்பு எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்க்காமலேயே எதையாவது ஊற்றிக் கரைத்துவிடலாம் என்று இறங்குவதுதான் முதல் தவறு. சிங்கில் மட்டும் தேக்கம் என்றால் அடைப்பு பெரும்பாலும் அதன் அடியில் எப்போதும் சிறிது தண்ணீரைத் தேக்கி வைக்கும் ட்ராப் என்ற பகுதியிலோ அதை ஒட்டிய குழாயிலோ இருக்கும். குளியலறையிலும் அதே நேரத்தில் தண்ணீர் மெதுவாக இறங்கினால் வெளியில் கழிவுநீர்க் குழாய்கள் வந்து சேரும், மூடியுள்ள சேம்பர் என்ற தொட்டியைத்தான் திறந்து பார்க்க வேண்டும்.

பலர் அடுத்து எடுப்பது ஆசிட் பாட்டிலை. சிங்க் அடைப்பு என்பது எண்ணெய்ப் பிசுக்கும் மாவும் சோற்றுப் பருக்கையும் சேர்ந்து இறுகியது; ஹைட்ரோகுளோரிக் அமிலம் உப்புக் கறையைக் கரைக்குமே அன்றி எண்ணெயைக் கரைக்காது, எவர்சில்வர் சிங்கை அரிப்பதுதான் மிச்சம். எண்ணெயைக் கரைக்கக் கூடியது காஸ்டிக் சோடா. ஆனால் அது தண்ணீரில் கரையும்போது கடும் வெப்பம் எழும் என்பதால், தேங்கி நிற்கும் சிங்கில் அதைக் கொட்டினால் கொதித்துக் கண்ணில் தெறிக்கக்கூடும். இவை எல்லாவற்றையும்விட ஆபத்தானது, ஒன்று பலிக்கவில்லை என்று அதன் மேலேயே இன்னொன்றை ஊற்றுவது: ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் நுரையீரலைத் தாக்கும் குளோரின் வாயு வெளிவரும், ஆசிட்டும் காஸ்டிக் சோடாவும் சேர்ந்தால் பொங்கிச் சிதறும். எதையாவது ஊற்றிவிட்ட பிறகு பிளஞ்சரால் (கைப்பிடியுள்ள ரப்பர் கிண்ணம்) அழுத்துவதும், அதைச் சொல்லாமல் பிளம்பரைக் குழாயில் கைவைக்க விடுவதும் கூடாது.

சமையல் சோடாவும் வினிகரும் கலந்து ஊற்றும் முறை ஆபத்தற்றதுதான். நுரை பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் இரண்டும் ஒன்றையொன்று சமன்செய்துவிடுவதால் இறுகிய அடைப்பு அசையாது. கொதிக்கும் தண்ணீரும் வேண்டாம். பிவிசி குழாய் ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் இளகத் தொடங்கும், இணைப்புகளும் விட்டுப்போகும்.

பிளஞ்சர் பயன்படுத்துவோர், அதன் ரப்பர் கிண்ணம் மூழ்கும் அளவு தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. சிங்கின் மேற்பகுதியில் உள்ள வழிவுத் துளையை ஈரத்துணியால் அடைக்காவிட்டால், கொடுக்கும் அழுத்தம் முழுவதும் அதன் வழியாகவே வெளியேறிவிடும். இரட்டைச் சிங்கில் மற்றத் தொட்டியின் துளையையும் அடைக்க வேண்டும். குச்சியால் குத்துவது அடைப்பை இன்னும் உள்ளே தள்ளி இறுக்கும்.

ரசாயனம் எதுவும் ஊற்றாதிருந்தால், ட்ராப்பைக் கழற்றிக் கழுவுவதே பெரும்பாலும் போதும். அடியில் வாளி வைக்காமல் கழற்றுவது, கழற்றிய ட்ராப்பைப் பழக்க தோஷத்தில் அதே சிங்கில் கழுவுவது, வாஷரைத் தவறவிட்டு மாட்டுவது ஆகியவை எல்லா வீட்டிலும் நடப்பவை. குளியலறைத் தரையில் தண்ணீர் இறங்கும் நானி ட்ராப்பில் முடியை எடுத்த பின், தண்ணீர் வேகமாக இறங்கட்டும் என்று உள்ளிருக்கும் கிண்ணத்தை எடுத்தே போட்டுவிடுகிறார்கள். அதில் தேங்கும் தண்ணீர்தான் நாற்றத்தையும் கரப்பானையும் தடுக்கிறது.

அடைப்பு சேம்பரையும் தாண்டியிருந்தால், யாரையாவது கூலிக்குப் பிடித்துச் சாக்கடைக் குழியிலோ கழிவுநீர்த் தொட்டியிலோ இறக்கக் கூடாது. உள்ளே தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு சில நொடிகளில் மயக்கமடையச் செய்து உயிரைப் பறிக்கும்; பாதுகாப்பு ஏற்பாடுகளின்றி ஆளை இறக்குவது கையால் மலம் அள்ளும் பணியைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமும் ஆகும்.