டிரைவ் மாற்றியும் கேம் ஓடாதபோது
என் பழைய கேம் கன்சோல் டிஸ்க்கை விழுங்கும், படிக்காது. லென்ஸைத் துடைத்தும் பயனில்லை. சரி என்று டிஸ்க்கைப் படிக்கும் பாகமான டிரைவை, அதே மாடலில் செகண்ட்ஹேண்டாக ஒன்று வாங்கி மாட்டினேன். சினிமா டிவிடி ஓடியது. காசு கொடுத்து வாங்கிய ஒரிஜினல் கேம் ஓடவில்லை! பைரசி தடுப்புக்காக டிரைவின் போர்டிலும் மதர்போர்டிலும் ஒரே ரகசியச் சாவி இருக்க வேண்டுமாம். என் பழுதான டிரைவின் போர்டைக் கழற்றி, வாங்கிய டிரைவில் பொருத்தினேன். ரிப்பன் கேபிளின் பூட்டு மெல்லிய பிளாஸ்டிக், நகத்தால் தூக்கினாலே போதும். அப்புறம் கேம் ஓடியது.

திருட்டு டிஸ்க் போடுகிறவர்கள் டிரைவுக்குள் இருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரையே மாற்றிவிடுகிறார்கள். மாட்டிக்கொள்வது ரிப்பேர் செய்கிறவன்தான். அமெரிக்காவில் டிரைவைப் பழுதுபார்க்க இந்தப் பைரசி தடுப்புப் பூட்டைத் தாண்டலாம் என்று 2021-இல்தான் பதிப்புரிமைச் சட்டத்தில் விலக்கு கிடைத்தது. அதுவும், வேலை முடிந்ததும் பூட்டைப் பழையபடி போட்டுவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு.