அபூர்வ மாடல் கார் வைத்திருக்கிறீர்களா?

மாடலை நிறுத்தப்போகிறார்கள் என்ற பேச்சு வந்ததும் பயந்துபோய் காரை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடாதீர்கள். அதே இன்ஜின் வேறு எந்த வண்டியில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். பாளையங்கோட்டையில் நான் ஓட்டுவது ஃபியட் புன்டோ டீசல். அதன் 1.3 லிட்டர் மல்டிஜெட் இன்ஜின்தான் மாருதி ஸ்விஃப்ட் டீசலிலும் டாடா இண்டிகா விஸ்டாவிலும் வந்தது. அதனால் ஸ்விஃப்ட் பார்க்கிற வண்ணார்பேட்டை மெக்கானிக்கே என் வண்டியையும் பார்த்துவிடுகிறார்.

சிக்கல் வெளிப்பாகங்களில்தான். ஹெட்லைட், பம்பர், சைடு மிரர் எல்லாம் அந்த மாடலுக்கு மட்டுமே பொருந்தும். லேசாக இடித்தாலும் வண்டி வாரக்கணக்கில் ஒர்க்ஷாப்பில் நின்றுவிடும், எனக்கே நடந்தது. கிடைக்கும்போதே ஒரு ஜோடி ஹெட்லைட்டும் மிரரும் வாங்கிப் பரணில் போட்டுவையுங்கள். ரப்பர் சாமான்கள் வேண்டாம். நம்ம ஊர் வெக்கையில் சும்மா கிடந்தே இறுகிவிடும்.

பழைய பாகம் போதுமென்றால் சென்னை புதுப்பேட்டையில் விசாரிக்கலாம். ஆனால் உங்கள் பாகத்தின் மேல் இருக்கும் பார்ட் நம்பரைப் படமெடுத்து அனுப்பி, அவர்களிடம் இருப்பதையும் படமாக வாங்கிப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போனால் மட்டும் பணம் போடுங்கள். ராத்திரி ஆம்னி பஸ்ஸில் ஏற்றிவிட்டால் காலையில் திருநெல்வேலியில் இறங்கிவிடும்.